வீட்டு எண்ணெயும் ஏரிக்கரைப் புகையும்

கீழ்பென்னாத்தூர்
9 ஜனவரி 2025

கீதாவுக்கு,

கையில் போன் இருக்கும்போது அண்ணன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். என் போன் இப்போது உன் அண்ணி எழிலரசியிடம்தான் இருக்கிறது. படுத்தபடியே எல்லா மெசேஜையும் படிக்கிறாள். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அவள் காதில் விழக்கூடாத பேச்சு இனி நிறைய வரும். அதனால் நசீருதீன் பாய் உரக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலையும் இந்தக் கடை முகவரிக்கே போடு. பாய் பிரிக்க மாட்டார். பிரித்தாலும் வெளியே சொல்ல மாட்டார்.

எழிலரசிக்குக் கல்லீரலில் இருப்பது புற்றுநோய்தான் என்று வேலூரில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் தெரியும். அழவில்லை. மகள் வினோதினிக்குக் காலேஜ் பரீட்சை முடிகிற வரைக்கும் பெரிதாகப் பேசவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஊரில் இவள் மட்டும் இல்லை. வேடியப்பனுக்குத் தொண்டையில் வந்து, போய்ச் சேர்ந்தார். ராஜம்மாளுக்கு மார்பில். மேட்டுத்தெருவிலும் ஒன்றிரண்டு பேர். நம் ஊரோ ஒரு கைப்பிடி ஊர். காரணம் உனக்கே தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சேரும் குப்பை மறுநாள் லாரி லாரியாக நம் ஏரிக்கரைக்கு வருகிறது. அன்னதானத் தட்டு, டீ கப், தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரன் ஆட்கள் கொட்டிக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். ஜனங்கள் மலையைச் சுற்றிப் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள், மிச்சம் எங்கள் மூக்குக்கு.

கொளுத்துவதை நிறுத்தச் சொல்லி நம் ஊர் தசரதன் மனு போட்டிருக்கிறான். கோட்டாட்சியர் மார்ச்சில் விசாரணை வைத்திருக்கிறார். ஆதாரம் கேட்பார்கள். நீ ஐதராபாத்தில் பரிசோதனைக் கூடத்தில் விஞ்ஞானியாக இருக்கிறாய். குப்பைப் புகையால்தான் எங்கள் ஊருக்குப் புற்றுநோய் வந்தது என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

கார்த்திகைக்கு வந்தபோது கொடுத்தனுப்பிய எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று அண்ணி கேட்கச் சொன்னாள்.

காசி

•

ஐதராபாத்
20 ஜனவரி 2025

அண்ணா,

கடிதம் வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணியின் குரலைக் கேட்கவேண்டும் போல இருந்தது. கூப்பிட்டேன். அவர்கள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நீ கேட்டபடி என்னால் எழுத முடியாது. திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேள். தொண்டையில் வருவதும் மார்பில் வருவதும் கல்லீரலில் வருவதும் வேறு வேறு நோய்கள். வேடியப்பன் மாமாவை வாயில் புகையிலை இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. சின்ன ஊரில் நாலு பேருக்குத் தற்செயலாகவும் சேர்ந்து வரலாம். அதற்காகப் புகை நல்லது என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் வரும் புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்க் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. அளந்து பாருங்கள் என்று எழுதிக் கேட்டால், அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று நான்கைந்து தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், சாப்பிடுகிற பொருட்களில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது. அண்ணிக்குக் கல்லீரல் என்றதும் இங்கே என் அடுப்படியில் இருந்த நம் வீட்டு எண்ணெய் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எடுத்துக்கொண்டுபோய்ச் சோதித்தேன். நிலக்கடலையில், அதான் நம் மல்லாட்டையில், ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்று ஒரு நஞ்சு உண்டாகும். வருடக்கணக்கில் உடம்புக்குள் போனால் அது கல்லீரலில் புற்றுநோயைக் கொண்டுவரும். நம் எண்ணெயில் அது இருக்க வேண்டிய வரம்பைவிட ரொம்ப ஜாஸ்தி.

நல்ல பருப்பை மூட்டை கட்டி விற்பனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சொத்தை, சூம்பல், கறுத்தது என்று பொறுக்கியதை வீட்டுச் செக்குக்கு வைத்துக்கொள்வோமே, அதில் ஒரு படி எனக்கு அனுப்பு.

கீதாஞ்சலி

•

கீழ்பென்னாத்தூர்
29 ஜனவரி 2025

கீதாவுக்கு,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றே படித்தேன். அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். பாய் டீ சொல்லிவிட்டார், அதனால் உட்கார்ந்தேன்.

நான் கேட்டது ஒரு கையெழுத்து, நீ அனுப்பியது பாடம். ஊரே இருமிக்கொண்டு கிடக்கிறது, உனக்கு எண்ணெய் பாட்டில்தான் கண்ணில் படுகிறது. இது அந்த ஒப்பந்தக்காரன் காதுக்குப் போனால் அவன் வாயெல்லாம் பல்லாகிவிடும். இவர்கள் அடுப்படியில் விஷத்தை வைத்துக்கொண்டு என் குப்பைமேல் பழி போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, இன்னும் பத்து லாரி சேர்த்துக் கொட்டுவான். அப்பா எண்பதைத் தாண்டியும் இந்த எண்ணெயில்தான் தோசை சாப்பிட்டார். நீயும் இதைச் சாப்பிட்டுத்தான் விஞ்ஞானி ஆனாய். நல்ல பருப்பைச் செக்கில் போட்டு ஆட்டுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று சொல். ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். அந்தச் சொத்தையை ஒதுக்கியது யார்? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எழிலரசிதான். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பருப்பு பருப்பாகப் பார்த்து, நல்லதை விற்பனைக்கு, கெட்டதை வீட்டுக்கு என்று பிரித்தவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து, கறுத்தது நல்ல பக்கம் போகிறது பார் என்று எடுத்துக் கொடுத்தவன் நான். அதில் வினோதினிக்கு முறுக்கு சுட்டதும் அவள் கைதான். இப்போது நான் போய், உனக்கு வந்தது புகையால் இல்லை, நீ பொறுக்கிய பருப்பால் என்று சொல்லவேண்டுமா? புகை என்றால் அவள் ஒப்பந்தக்காரனைத் திட்டுவாள். எண்ணெய் என்றால் கடைசி வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பருப்பு அனுப்ப மாட்டேன். விசாரணை முடிகிற வரைக்கும் நீ ஊருக்கும் வரவேண்டாம். உன் முகத்தில் எதுவும் தங்காது, அவள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள்.

காசி

•

ஐதராபாத்
8 பிப்ரவரி 2025

அண்ணா,

வரவேண்டாம் என்று எழுதிவிட்டாய். தைப்பூசத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அண்ணி கையால் வந்தது என்று நான் எழுதவே இல்லை, நீதான் எழுதியிருக்கிறாய். அவர்கள் ரத்தத்தில் பழைய மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாக வேலூர் டாக்டர் சொன்னார் என்று நீயே போனில் சொன்னாய். அந்தக் கிருமி ஒன்றே கல்லீரலைக் கெடுக்கப் போதும். அது இருக்கிற உடம்பில் இந்த நஞ்சும் சேர்ந்தால் கெடுதல் பல மடங்கு. புகையும் தன் பங்குக்கு ஏதாவது செய்திருக்கலாம், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று எந்த விஞ்ஞானியாலும் அடித்துச் சொல்ல முடியாது. நான் எண்ணெயைப் பற்றிப் பேசுவது நடந்ததற்காக இல்லை. வினோதினி இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறாள், அதற்காக.

அப்பா கதையைச் சொல்லியிருக்கிறாய். அப்பா பீடி குடித்துக்கொண்டும்தான் எண்பதைத் தாண்டினார். அதற்காகப் பிள்ளைகளுக்குப் பீடி வாங்கிக் கொடுக்கலாமா?

நானும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த எண்ணெயைத்தான் இங்கே சுமந்துகொண்டு வருகிறேன். பகலெல்லாம் ஊரார் பருப்பைச் சோதித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நம் எண்ணெயில் தாளித்திருக்கிறேன். நம் வீட்டுது என்பதால் ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை. அண்ணி ஏமாந்தார்கள் என்றால், படித்த நானும் கூடவே ஏமாந்திருக்கிறேன்.

அண்ணியிடம் நான் மூச்சு விடமாட்டேன், சத்தியம். என்ன பொய் வேண்டுமானாலும் சொல், எண்ணெயை நிறுத்து. வினோதினிக்கு அந்தக் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் எடு. இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம்.

கீதாஞ்சலி

•

கீழ்பென்னாத்தூர்
24 பிப்ரவரி 2025

கீதாவுக்கு,

என் கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வினோதினி காலேஜிலிருந்து வந்து தோசை கேட்டாள். எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் கல்லில் மாவை ஊற்றி, சுற்றி எண்ணெய் விட்டாள். மகள் சாப்பிடச் சாப்பிட எனக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் டவுனுக்குப் போய் பாக்கெட் எண்ணெய் வாங்கிவந்து வீட்டு டின்னில் ஊற்றிவைத்தேன். பழையதைக் கொல்லையில் குழி வெட்டி ஊற்றினேன். எழிலரசி டின்னைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தாள். டாக்டர் மாற்றச் சொன்னார் என்றேன். சரி என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. எதையும் ஒன்பது கேள்வி கேட்காமல் விடாதவள் இப்படிச் சரி என்றது எனக்குச் சரியாகப் படவில்லை.

வினோதினிக்கு ரத்தம் கம்மியாக இருக்கும், பார்த்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனேன். கிருமி இல்லை. முதல் ஊசியும் போட்டாயிற்று. அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

நீ கேட்ட பருப்பை நேற்று கூரியரில் போட்டிருக்கிறேன். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தது பாய்தான். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மனுஷர் கட்டி முடித்துவிட்டு, "காசி, உங்க ஊட்ல எண்ணெய மாத்திட்டீங்க, சரி. பக்கத்து ஊட்ல இன்னா பண்றாங்க?" என்றார். பக்கத்து வீட்டிலும் சொத்தைதான். எதிர் வீட்டிலும் சொத்தைதான். மனு எழுதிக்கொண்டிருக்கிற தசரதன் வீட்டிலும் அதேதான். கார்த்திகை மழையில் எல்லார் காயும்தான் நனைந்தது.

ஊரில் சொன்னால் எழிலரசி காதுக்குப் போகும். விசாரணையும் பாழாகும். இப்போதைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

காசி

•

ஐதராபாத்
6 மார்ச் 2025

அண்ணா,

வினோதினி விஷயம் படித்து மனசு லேசானது.

பருப்பு எண்ணெயைவிட மோசம். பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதே, பாலில் வரும். சொத்தையை எண்ணெய் மில்லுக்கு விற்கவும் வேண்டாம், அது இன்னொருத்தர் வீட்டு அடுப்புக்குத்தான் போகும். புதைத்துவிடு.

விசாரணைக்கு என் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் சொந்தப் பொறுப்பில் எழுதியது. முதல் பக்கத்தில் புகை. திறந்த வெளியில் பிளாஸ்டிக்கை எரிப்பது கெடுதல், அதை நிறுத்துவதற்கு யாருக்காவது நோய் வந்து நிரூபிக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை, ஊர்க் காற்றை உடனே அளக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் மல்லாட்டை. இங்கே நடந்த சோதனை, அதன் முடிவு, ஊரார் எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்ற கோரிக்கை.

முதல் பக்கத்தை மட்டும் தனியாக நீட்டாதே. கொடுப்பதென்றால் முழுசாகக் கொடு, மனசு வரவில்லையென்றால் கொடுக்கவே வேண்டாம். இதை வைத்து ஒப்பந்தக்காரன் என்ன பேசுவான் என்று நீ எழுதியது நியாயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் பாதி தெரிந்ததைச் சொல்லிப் பாதியை மறைத்தால், நாளைக்கு அவர்கள் கண்டுபிடிக்கும்போது புகையைப் பற்றிச் சொன்னதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணியை நினைத்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. முடிவை உன்னிடமே விடுகிறேன்.

கீதாஞ்சலி

•

கீழ்பென்னாத்தூர்
16 மார்ச் 2025

கீதாவுக்கு,

எழிலரசிக்குத் தெரிந்துவிட்டது.

மாசிப் பௌர்ணமிக் குப்பை வந்து இறங்கி எரிந்துகொண்டிருந்தது. கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டாள். "டாக்டரு எப்ப எண்ணெய மாத்தச் சொன்னாரு? அவரு பேசும்போது நான்தான பக்கத்துல இருந்தேன். நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க." பொண்ணுக்கு எதற்கு ரத்தம் எடுத்தீர்கள், பொறுக்கி வைத்த சொத்தையை எதற்குக் குழியில் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. விசாரணைக்கு நீ எழுதிய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அழுதாள். நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. என் கையால புள்ளைக்கு ஊட்டிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வினோதினிக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டாயிற்று என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை.

"மாசக்கணக்கா தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தீங்களா? தெருவுல எத்தினி புள்ளைங்க தின்னுதுங்க?"

உனக்காகத்தான் என்றேன். என் பேரைச் சொல்லி ஊர்ப் பிள்ளைகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்மேல் இவ்வளவு கோபப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் வினோதினி தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீடு வீடாகப் போய், நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து, பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். சிலர் அப்போதே டின்னைக் கவிழ்த்தார்கள். சிலர், நோய் வந்து புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ராஜம்மாள் மடியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாளாம், உனக்கு வந்தது வேறு நோய் என்று இவள்தான் தேற்றிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் தசரதன் வந்து வாசலில் நின்று கத்தினான். கேஸைக் கெடுத்துவிட்டோமாம், ஒப்பந்தக்காரன் எங்களை விலைக்கு வாங்கிவிட்டானாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் பாதி அவன் பக்கம்தான் மனசு.

விசாரணை இருபத்துநான்காம் தேதி. நானும் வருவேன் என்கிறாள்.

காசி

•

ஐதராபாத்
19 மார்ச் 2025

அண்ணா,

தசரதன் அண்ணன் சொல்வதும் முழுக்கத் தப்பு இல்லை. என் கடிதத்தால் குப்பைமேடு அங்கேயே இருந்துவிட்டால் ஊர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதியதை மாற்ற மாட்டேன்.

அண்ணியைப் பஸ்ஸில் கூட்டிப்போகாதே. கார் வை. போகும்போது கொஞ்சம் மோர் எடுத்துக்கொள்.

அவர்களுக்கு என்மேல் கோபமா என்று கேட்டு எழுது.

கீதா

•

கீழ்பென்னாத்தூர்
27 மார்ச் 2025

கீதாவுக்கு,

உன்மேல் கோபம் இல்லையாம். தன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறாள். அந்தப் பழியை நான் ஏற்றுக்கொண்டேன்.

விசாரணை நடந்தது. தசரதன் புகையைப் பற்றி நன்றாகத்தான் பேசினான். ஆதாரம் என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அந்த இடத்தில்கூட எனக்கு முதல் பக்கத்தை மட்டும் உருவிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. எழிலரசி கையை நீட்டினாள். கொடுத்தேன். முழுசாக அவளே அதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தாள்.

நாம் பயந்தபடியே ஆயிற்று. ஒப்பந்தக்காரனின் வக்கீல் இரண்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நோய்க்குக் காரணம் இவர்கள் வீட்டு எண்ணெய் என்று இவர்கள் வீட்டு விஞ்ஞானியே எழுதியிருக்கிறார், எங்கள் கட்சிக்காரரை விட்டுவிடுங்கள் என்றான். எண்ணெய்தான் காரணம் என்று நீ எங்கேயும் எழுதவில்லை, ஆனால் அதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. தசரதன் தலையைக் குனிந்துகொண்டான். வக்கீல் எழிலரசி பக்கம் திரும்பி, நீங்களே ஒத்துக்கிறீங்க இல்லையாம்மா என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

இவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சத்தமாகப் பேச அவளுக்கு இப்போது தெம்பு கிடையாது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் கேட்கவேண்டியிருந்தது.

"எண்ணெய் எங்க தப்புங்க. தெரியாம செஞ்சோம். தெரிஞ்ச மறுநாளே நான் தெருத்தெருவா போய் நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க கொளுத்துறது கெடுதல்னு உங்களுக்கு எப்பவோ தெரியும். நீங்க எப்ப நிறுத்துவீங்க?"

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோட்டாட்சியர், அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார். கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்வதாக வாய்தா கேட்டான். பங்குனிப் பௌர்ணமியன்று ஏரிக்கரையில் கருவி வைத்துக் காற்றை அளக்கவேண்டும், அதுவரை அங்கே எதையும் கொளுத்தக்கூடாது என்று உத்தரவு. வெளியே வந்ததும் தசரதன், கொளுத்தாத நாளில் அளந்தால் காற்றில் என்ன தெரியும் என்று புலம்பினான். அவன் சொல்வது சரிதான். புகை என்ன செய்தது என்று நமக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம். எழிலரசி, கொளுத்தாமல் இருந்தால் போதும் என்கிறாள். தசரதன்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கார் வரைக்கும் கூட்டிவந்து ஏற்றிவிட்டான்.

நேற்று வேலூருக்குப் போய்வந்தோம். மருந்து இனி பெரிதாக உதவாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வழியெல்லாம் அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். நான்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

நான் வரவேண்டாம் என்று எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே. கிளம்பி வா, கீதா. காலை வேளையில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுகிறாள். அந்தப் பேச்சு இருக்கும்போதே வந்துவிடு.

காசி